செண்பகவல்லி ஒதுக்கிவைத்த பழங்கள்

சனிக்கிழமை விடிந்தால் செண்பகவல்லிக்குக் காலில் சக்கரம் கட்டியதுபோல் இருக்கும். தாராவி தொண்ணூறு அடி சாலையில் தொடங்கி, சயான் பக்கம் சுற்றி, மாட்டுங்கா கிங்ஸ் சர்க்கிள் வரைக்கும் நூற்றுநாற்பது கடைகள். ஒவ்வொரு கடை வாசலிலும் போன வாரத்துக் கயிற்றை அறுத்துவிட்டுப் புதுக் கயிற்றைக் கட்ட வேண்டும். ஒரு எலுமிச்சம்பழம், ஏழு பச்சைமிளகாய், அடியில் ஒரு கரித்துண்டு. பம்பாயில் அதற்கு நிம்பு மிர்ச்சி என்று பெயர். பார்க்கிறவர்களின் கண் கடைக்குள் நுழையாமல் வாசலோடு நின்றுவிடும் என்று நம்பிக்கை. இருபத்திரண்டு வருடமாக அவள் அந்த நம்பிக்கையில்தான் உலை வைக்கிறாள். புருஷன் மாரிக்கண்ணன் போய்ச் சேர்ந்து ஒன்பது வருடம் ஆகிறது. அவன் இருந்தபோதும் உலை கொதித்தது இந்தக் கயிற்றால்தான்.

இந்தக் கயிற்றுக்குப் பழம் பொறுக்குவது ஏதோ லேசான காரியம் என்று நினைத்துவிடக் கூடாது. நல்ல சாறுள்ள பழத்தில் ஊசியை ஏற்றினால் செவ்வாய்க்கிழமையே ஒழுகத் தொடங்கிவிடும். எறும்பு வரும், பூஞ்சை வரும், கடைக்காரரின் வசவு வரும். ஒருதரம் புடவைக் கடைக்கு வந்த ஒரு கல்யாணப் பெண்ணின் தலையிலேயே சொட்டி, செண்பகவல்லி அந்தத் தெருப் பக்கம் ஒரு மாதம் தலைகாட்டவில்லை. ஆகவே அவளுக்கு வேண்டியது தோல் தடித்து, இறுகி, உள்ளே சக்கையும் கொட்டையுமாக இருக்கிற பழம். கையில் எடுத்தால் எடுத்ததே தெரியக் கூடாது. அது வாரம் முழுக்க வாசலில் காயுமே தவிரக் கசியாது. தாதர் மார்க்கெட்டில் எலுமிச்சை மொத்தக் கடை வைத்திருக்கும் ஷேக் பரீத் அவளைக் கண்டால் முகமெல்லாம் பல்லாகிவிடுவார். மற்றவர்கள் தள்ளிவிட்டுப் போன குவியலை இவள் விரும்பி வாங்கிக்கொண்டு போனால் யாருக்குத்தான் பிடிக்காது? மூட்டை முன்னால் குந்தினாள் என்றால் அவள் விரல்கள் பார்க்காமலே பொறுக்கும். வாய் ஒரு பக்கம் பேசிக்கொண்டிருக்கும், கண் பஸ்ஸைப் பார்த்துக்கொண்டிருக்கும், கை தன்பாட்டுக்கு வேண்டியதை எடுத்து வேண்டாததை ஒதுக்கும்.

இப்படி இருந்தவளுக்குப் போன ஞாயிற்றுக்கிழமை தூக்கம் கெட்டது. மகள் கீதா மாட்டுங்காவில் ஒரு ஸ்கேன் சென்டரில் ரிசப்ஷன் வேலை பார்க்கிறாள், இருபத்தைந்து வயது. அம்பர்நாத்தில் தொழிற்சாலை சூப்பர்வைசராக இருக்கும் மகேஷ்குமார் என்ற பையனும் அவளும் பேசிப் பழகி, வீட்டிலும் சொல்லி, அடுத்த ஞாயிறு பையனின் அம்மா பிரேமலதா நேரில் வந்து பேசுவதாக ஏற்பாடு. அந்த அம்மாள் போனில் கீதாவிடம் ஏதோ கேட்டிருக்கிறாள். ஏணியில் தண்ணீர்க் குடத்தோடு ஏறிவந்த செண்பகவல்லியின் காதில் மகளின் பதில் மட்டும் விழுந்தது. அம்மா ஹோட்டலுக்கு லெமன் சப்ளை பண்றாங்க ஆன்ட்டி என்று கீதா சொல்லிக்கொண்டிருந்தாள்.

குடத்தை இறக்கிவைத்தாள். மகள்மேல் கோபம் வரவில்லை என்பதுதான் அவளுக்கே ஆச்சரியம். வந்தது வலி. ஆனால் அந்த வலியிலும் ஒரு நியாயம் தெரிந்தது. பழைய கயிற்றை அறுக்கிறவள் கையோடு கடையின் கண்ணேறும் போகும் என்று சொல்கிற ஊர் இது. அவள் அறுத்துப் போட்ட கயிற்றை ஜனங்கள் மிதிக்காமல் தாண்டிப் போவதை அவளே வாராவாரம் பார்க்கிறாள். சொந்தக்காரர் வீட்டு விசேஷத்தில் மஞ்சள் அரைக்கக்கூட அவளை முதலில் கூப்பிட மாட்டார்கள். இதையெல்லாம் பார்த்து வளர்ந்த பெண், புது இடத்தில் வேறு என்ன சொல்வாள்? அந்த அம்மாள் வந்து எந்த ஹோட்டல் என்று கேட்டுவிட்டால் கீதாவின் முகம் என்ன ஆகும்? ஞாயிற்றுக்குள் அந்தப் பொய்யை மெய்யாக்கிவிடுவது என்று அன்றே முடிவுசெய்துவிட்டாள்.

கிங்ஸ் சர்க்கிளில் அவள் கயிறு கட்டும் கடைகளில் ஒன்று, மதியச் சாப்பாட்டுக்குப் பேர்போன ஒரு மெஸ். சரக்கு வாங்கும் பொறுப்பு வானமாமலை என்பவருடையது. அறுபது வயதிருக்கும், மாட்டுங்காவிலேயே பிறந்து வளர்ந்தவர். எலுமிச்சை போடுகிறவன் ஒழுங்காக வருவதில்லை என்று அவர் அலுத்துக்கொண்டதை அவள் முன்பே கேட்டிருந்தாள். திங்கட்கிழமை போய், இனி நான் போடுகிறேன் என்றாள். அவர் கண்ணாடிக்கு மேலாக அவளைப் பார்த்தார். சிரிக்கலாமா வேண்டாமா என்று ஒரு கணம் யோசித்தார். பிறகு, வியாழக்கிழமை காலை இருநூறு பழம் கொண்டுவந்து காட்டச் சொன்னார்.

புதன்கிழமை விடிகாலை தாதரில் அவள் குந்திய இடம் வழக்கமான குவியலுக்கு முன்னால். சாறுப் பழம் எது என்று அவளுக்குத் தெரியாதா என்ன? தோல் மெல்லியதாக, வழவழப்பாக இருக்க வேண்டும். கட்டைவிரலால் அமுக்கினால் கொஞ்சம் விட்டுக்கொடுக்க வேண்டும். அளவுக்கு மீறிய கனம் வேண்டும். மேலே கறுப்புப் புள்ளி இருந்தால் பாதகம் இல்லை, காம்படியில் கொழகொழப்பு இருந்தால்தான் ஆபத்து. முதல் முப்பது பழத்தை ஒவ்வொன்றாகத் தூக்கிப் பார்த்து, அமுக்கிப் பார்த்து, மூக்கருகே கொண்டுபோய்ப் பையில் போட்டாள். அதற்குள் மனம் ஞாயிற்றுக்கிழமைக்குத் தாவிவிட்டது. வீட்டில் இருப்பது இரண்டே நாற்காலி. நான்கு பேர் வந்தால் எங்கே உட்காருவார்கள்? ஓலைப்பாய் விரித்தால் என்ன நினைப்பார்கள்? மனம் போன வழியில் போக, கை தன் பழைய வேகத்துக்குத் திரும்பிவிட்டது. இருநூறு முடிந்ததும் எழுந்து ஓடினாள். ஒன்றை அறுத்துப் பார்க்கலாமா என்று வழியில் தோன்றியது. எண்ணி வாங்கியதில் ஒன்று குறைந்துவிடுமே என்று விட்டுவிட்டாள்.

வியாழக்கிழமை வானமாமலை பையின் நடுவில் கைவிட்டு ஆறு பழம் எடுத்தார். சமையல்காரர் அறுத்தார், பிழிந்தார், மறுபடி பிழிந்தார். பன்னிரண்டு மூடியிலிருந்தும் சேர்ந்து கிண்ணத்தின் அடி நனைந்தது. செண்பகவல்லி அதை எட்டிப் பார்த்தபோதுதான் தன் கை செய்த வேலை அவளுக்குப் புரிந்தது. காது இரண்டும் சூடாகிவிட்டன.

வானமாமலை கோபிக்கவில்லை, கோபித்திருந்தால்கூடத் தேவலை என்று இருந்தது. "வாசல்ல தொங்கறதுக்குன்னா பழம் கொண்டுவந்திருக்கேள். நான் கேட்டது சாதத்துல பிழியறதுக்கும்மா" என்று மெதுவாகச் சொன்னார். பையைத் தூக்கிக்கொண்டு அவள் நடந்தே வந்தாள். பஸ்ஸில் ஏறினால் நிற்க வேண்டியிருக்கும். நின்றால் யோசிக்க வேண்டியிருக்கும். வீட்டுக்கு வந்தும் நிலைகொள்ளவில்லை. பாத்திரம் எல்லாம் கழுவியதாக இருந்தும் மறுபடி கழுவினாள். வாசலுக்குப் போனாள், திரும்பினாள், வேலைக்காகவாவது இருக்கட்டும் என்று மிளகாயைக் காம்பு பார்த்து அடுக்கினாள், அதையும் பாதியில் விட்டாள்.

சாயங்காலம் ஏழு மணிக்கு வந்த கீதா, வியாழக்கிழமையே வீட்டில் இருநூறு பழம் எதற்கு என்று கேட்டதுதான் தாமதம், நான்கு நாளாக அடைத்துவைத்தது உடைந்துவிட்டது.

"ஹோட்டலுக்கு லெமன் சப்ளைன்னு நீதான போன்ல சொன்ன? ஒன் வாய்ச்சொல்லு பொய்யாப் போயிரக் கூடாதுன்னுதாம்ட்டி நாலு நாளா நாயா அலையுதேன். அதுவும் வெளங்காமப் போச்சு."

கீதாவின் முகத்தில் ரத்தம் வற்றியது. கைப்பையைத் தோளிலிருந்து இறக்கவே மறந்து நின்றாள். பிறகு போய்த் தண்ணீர்த் தொட்டி பக்கம் நின்று முகத்தைக் கழுவினாள், கழுவிக்கொண்டே இருந்தாள்.

சொல்லியிருக்க வேண்டாமோ என்று செண்பகவல்லிக்கு உடனே உறுத்தியது. மகளுக்கு ஒரு வாய் சர்பத்தாவது கலக்கிக் கொடுப்போம் என்று கட்டிலுக்கு அடியிலிருந்த அலுமினியச் சட்டியை இழுத்தாள். கோக்கும்போது கயிற்றுக்கு ஆகாது என்று அவள் வாராவாரம் ஒதுக்கும் பத்துப் பன்னிரண்டு பழங்கள் அந்தச் சட்டியில்தான் கிடக்கும். ஒன்றை எடுத்துக் கத்தியை வைத்தாள். சாறு பீய்ச்சி அவள் கண்ணிலேயே அடித்தது.

கண்ணைக் கசக்கிக்கொண்டு அடுத்ததை அறுத்தாள். அடுத்ததை. ஐந்து பழத்தில் லோட்டா நிறைந்துவிட்டது. கத்தியும் கையுமாக அப்படியே நின்றாள். இந்தச் சட்டியில் இருப்பதெல்லாம் அவள் கை வேண்டாம் என்று சொன்ன பழங்கள். ஒழுகும் என்று பயந்து பயந்து, சாறு இருக்கும் பழத்தைத் தொட்ட மாத்திரத்தில் தள்ளிவிடப் பழகிய கை இது. இருபத்திரண்டு வருடமாகத் தள்ளியிருக்கிறது. அப்படியானால் இந்த மும்பையில் சாறுப் பழத்தை இவளைவிட வேகமாகக் கண்டுபிடிக்க யாரால் முடியும்? அவளுக்கு முதலில் சிரிப்பு வந்தது. சிரித்துக்கொண்டிருக்கும்போதே, நல்லதையெல்லாம் கழிவு என்று ஒதுக்கிவைத்து அதையே வீட்டில் பிழிந்து குடித்த கூத்தை நினைத்துக் கண் நிறைந்தது. எலுமிச்சை எரிச்சல்தான் என்று மகளிடம் சொன்னாள்.

வெள்ளிக்கிழமை விடிகாலை தாதரில் ஷேக் பரீத் நடுங்கிவிட்டார். அவள் புதிதாக இறங்கிய மூட்டைக்கு முன்னால் போய்க் குந்திக்கொண்டாள். வழக்கமான வேகம்தான், வழக்கமான கைதான். பேசுவதும் பஸ்ஸைப் பார்ப்பதும்கூட வழக்கம்போலத்தான். ஆனால் கை எடுத்ததையெல்லாம் மூட்டையிலேயே விட்டுவிட்டு, ஒதுக்கியதையெல்லாம் பையில் வாரிக்கொண்டாள். நல்லதையெல்லாம் நீ அள்ளிக்கொண்டால் நான் மற்றவர்களுக்கு எதைக் கொடுப்பது என்று அவர் புலம்பினார். இத்தனை வருடம் நான் அள்ளாமல் விட்டதற்கு யாரும் நன்றி சொல்லவில்லையே என்று அவள் திருப்பிக் கொடுத்தாள்.

பதினொரு மணிக்குக் கிங்ஸ் சர்க்கிள். இந்த முறை அவள் பேச்சுக்கே இடம் வைக்கவில்லை. பையைத் திறந்து, நீங்களே எடுங்கள் என்று வானமாமலையிடம் நீட்டினாள். அவர் அடியிலிருந்து ஒன்று, ஓரத்திலிருந்து ஒன்று என்று ஆறு எடுத்தார். சமையல்காரர் பிழிந்தார். மூன்றாவது பழத்திலேயே கிண்ணத்தை மாற்றிப் பெரிய கிண்ணம் வைக்க வேண்டியதாயிற்று. வானமாமலை கண்ணாடியைக் கழற்றித் துடைத்துப் போட்டுக்கொண்டு அவளைப் பார்த்தார். ஒரே நாளில் எங்கே கற்றுக்கொண்டீர்கள் என்று கேட்டார். அவள் தன் கையைப் பார்த்துச் சிரித்துக்கொண்டாள். சொன்னால் அவருக்குப் புரியாது. பையை அங்கேயே வைத்துவிட்டுப் போகச் சொன்ன அவர், நாளைக் காலை ஏழு மணிக்கு இதேபோல் இன்னும் இருநூறு கொண்டுவந்தால் திங்கள் முதல் தினப்படிக்கு வைத்துக்கொள்வதாகச் சொன்னார்.

வெளியே வந்து பத்தடி நடந்த பிறகுதான் நாளை சனிக்கிழமை என்பது அவளுக்கு உறைத்தது. கடைகள் திறக்கும் முன்பே கயிறு தொங்க வேண்டும். ஏழு மணிக்குக் கிங்ஸ் சர்க்கிளில் நின்றால் தொண்ணூறு அடி சாலையில் யார் நிற்பது? ஒரு சனிக்கிழமை தவறினால் போதும், கடைக்காரர்கள் வேறு ஆளை வைத்துக்கொள்வார்கள். இதை விட்டு அதைப் பிடிக்கவும் முடியாது. அது இன்னும் கைக்கு வரவில்லை. சாயங்காலம் கயிறு கோத்துக்கொண்டே அவள் மனத்துக்குள் நூற்றுநாற்பது கடைகளையும் முன்னும் பின்னுமாக ஓடிப் பார்த்தாள். எப்படி ஓடினாலும் இரண்டு மணி நேரம் உதைத்தது.

கீதா எதிரே உட்கார்ந்து மிளகாய் எடுத்துக் கொடுத்துக்கொண்டிருந்தாள்.

"நாளைக்கு நான் ரவுண்டு போறேன்" என்றாள் திடீரென்று. "லீவு சொல்லிட்டேன்."

அம்மா நிமிர்ந்து பார்த்தாள். ஒன்பதாம் வகுப்புக்குப் பிறகு அந்தப் பெண் ஒரு கயிற்றைக்கூடக் கையில் தொட்டு வெளியே கொண்டுபோனதில்லை. வேண்டாம், தெரிந்தவர்கள் யாராவது பார்ப்பார்கள் என்றாள். பார்த்தால் பார்க்கட்டும் என்றாள் கீதா, தலையைத் தூக்காமல்.

சனிக்கிழமை காலை வானமாமலை பழத்தைப் பார்த்தார், தலையாட்டினார், அவ்வளவுதான். திங்கள் முதல் தினம் இருநூறு, வெள்ளிக்கிழமை முன்னூறு. செண்பகவல்லி மெஸ்ஸை விட்டு இறங்கியது நடந்தா பறந்தா என்று அவளுக்கே தெரியாது. பஸ்ஸில் டிரைவருக்கு நேர் பின்னால் நின்றுகொண்டு, வண்டியைத் தானே தள்ளுவதுபோல் கம்பியைப் பிடித்து முன்னால் சாய்ந்திருந்தாள். பொய் மெய்யாகிவிட்டது. நாளை அந்த அம்மாள் எந்த ஹோட்டல் என்று கேட்கட்டும், எத்தனை பழம் என்றுகூடக் கேட்கட்டும். மகளிடம் இதைச் சொல்லும் வரைக்கும் அவளுக்கு மூச்சு முட்டியது.

தொண்ணூறு அடி சாலையில் ஒரு தோல்பைக் கடை வாசலில் கீதா ஸ்டூல்மேல் நின்றுகொண்டிருந்தாள். இடது கையில் வளையல்போல் கயிறுகளை மாட்டியிருந்தாள். இரண்டு கையாலும் முடிச்சுப் போட்டபடி, கழுத்துக்கும் தோளுக்கும் நடுவில் போனை இடுக்கிக்கொண்டு பேசிக்கொண்டிருந்தாள். கீழே வந்து நின்ற அம்மாவை அவள் பார்க்கவில்லை.

"இல்ல ஆன்ட்டி, அன்னைக்கு நான் சொன்னது ஜூட், பொய். லெமன் சப்ளை எல்லாம் அப்ப கெடையாது. எங்கம்மா கடை கடையா நிம்பு மிர்ச்சி கட்டுறாங்க, சின்னதுலேர்ந்து அந்தக் காசுலதான் நான் படிச்சேன். இப்பகூட நான்தான் கட்டிட்டு இருக்கேன். சொல்லாம இருந்தா நாளைக்கு ஒங்க முகத்தைப் பாக்க முடியாது, அதான்."

செண்பகவல்லி மகளின் காலைப் பிடித்து உலுக்கினாள். கீதா திடுக்கிட்டுக் குனிந்தாள். போன் அணைந்திருந்தது. அப்புறம் பேசுகிறேன் என்று மட்டும் அந்த அம்மாள் சொல்லிவிட்டு வைத்துவிட்டதாகச் சொன்னாள்.

"ஏட்டி, கிறுக்கியா நீ? ஆர்டர் கெடச்சிட்டுட்டி. இனிமே அது பொய்யே இல்ல. பத்து நிமிசம் வாயப் பொத்திட்டு இருந்திருக்கக் கூடாதா?"

"கெடச்சிருச்சா?" கீதா ஸ்டூலிலிருந்து குதித்தாள். சந்தோஷத்தில் அம்மாவின் தோளைப் பிடித்தாள். உடனே முகம் மாறியது. "ஆனா நான் சொன்னப்ப பொய்தானம்மா அது."

செண்பகவல்லிக்கு அவளைத் திட்ட வேண்டும்போலவும் இருந்தது, நடுரோட்டில் கட்டிக்கொண்டு அழ வேண்டும்போலவும் இருந்தது. இரண்டும் செய்யவில்லை. மகளின் கையிலிருந்து பாதிக் கயிற்றை உருவிக்கொண்டு சாலையின் எதிர்ப்புறம் போனாள். இன்னும் அறுபத்திரண்டு கடை பாக்கி இருந்தது.

அன்று மாலை வரை போன் வரவில்லை. கீதா போனைத் தண்ணீர்த் தொட்டி வரைக்கும் கையோடு கொண்டுபோனாள். செண்பகவல்லி பாயை வெயிலில் போட்டாள், எடுத்தாள். நாற்காலியை ஜன்னல் பக்கம் நகர்த்தினாள், மறுபடி சுவர் பக்கம் நகர்த்தினாள். அந்த அம்மாள் மனத்தில் என்ன ஓடுகிறது என்று விரலால் அமுக்கிப் பார்க்க வழியில்லையே என்று வெந்துபோனாள். ஞாயிறு காலை ஒன்பதே முக்காலுக்கு மகேஷ்குமாரிடமிருந்து ஒரு வரி வந்தது. அம்பர்நாத்தில் ரயில் ஏறிவிட்டார்களாம்.

வந்தது தாயும் மகனும் மட்டுந்தான். பிரேமலதா குட்டையான, பருத்த மனுஷி. செங்குத்து ஏணியில் ஏறிவந்ததில் மூச்சு வாங்கியது. நாற்காலியைக் காட்டியும் உட்காராமல் பாயில் சுவரோடு சாய்ந்து உட்கார்ந்துகொண்டாள். தண்ணீர் வாங்கிக் குடித்தாள். மகேஷ்குமார் சுவரிலிருந்த காலண்டரைப் படிப்பதுபோல் நின்றான். செண்பகவல்லி அடுப்புக்கும் வாசலுக்கும் நடுவே என்ன எடுக்கப் போகிறோம் என்றே தெரியாமல் நடந்துகொண்டிருந்தாள்.

"மயினி, நீங்க கொஞ்சம் நில்லுங்க" என்றாள் பிரேமலதா.

சம்பந்தி வீட்டுப் பெண்ணை அழைக்கும் அந்த ஒரு வார்த்தையைக் கேட்டதுமே செண்பகவல்லியின் கால் நின்றுவிட்டது.

"ஒங்க மவ நேத்து போன் பண்ணுனா. மொதல்ல எனக்குக் கோவந்தான். என்னடா, வரதுக்கு முன்னாடியே பொய்யின்னு இருந்துச்சு. பொறவு யோசிச்சுப் பாத்தேன். நாங்க யாரும் துருவிக் கேக்கல, அவளாத்தான் சொன்னா. இந்தக் காலத்துல யாரு மயினி அப்படிச் சொல்லுதா? எனக்கு இந்தப் பிள்ள போதும்."

கீதா சுவரைப் பார்த்துத் திரும்பிக்கொண்டாள். தோள் குலுங்கியது. ஒரு வாரமாக ஓடிய செண்பகவல்லி அப்போதுதான் பிரேமலதாவின் எதிரே பாயில் உட்கார்ந்தாள்.

பிரேமலதா பக்கத்திலிருந்த துணிப்பையை எடுத்து இரண்டு கையாலும் நீட்டினாள். வெறுங்கையோடு வரக் கூடாது என்று அம்பர்நாத் ஸ்டேஷன் வாசலில் வாங்கிய சாத்துக்குடி, இரண்டு டஜன். வண்டிக்காரனை எடுத்துப் போட விடவே இல்லையாம். ஒவ்வொன்றாகத் தானே கையில் எடுத்துப் பார்த்துப் பொறுக்கினாளாம். பழம் பொறுக்குவதில் தன்னை யாரும் ஏமாற்ற முடியாது என்றும், வேண்டுமானால் மகேஷைக் கேட்டுப் பாருங்கள் என்றும் சொன்னாள். அவள் முகத்தில் அப்படி ஒரு பெருமை.

செண்பகவல்லி பையை வாங்கினாள். வாங்கிய வேகத்தில் கை தானாக உள்ளே போய்விட்டது. ஒன்று, இரண்டு, மூன்று. பஞ்சு மாதிரி, கனமே இல்லை. தோல் விரற்கடை தடிமன். காம்புப் பக்கம் மூக்குப்போல் புடைத்து நின்றது. நான்காவதும் அப்படியே. வண்டிக்காரன் எவனோ மூன்று நாளாக விலைபோகாமல் வைத்திருந்த மொத்தத்தையும் இந்த அம்மாள் பார்த்துப் பார்த்துப் பொறுக்கியிருக்கிறாள். கீதா திரும்பி அம்மாவின் முகத்தையே பார்த்துக்கொண்டிருந்தாள். அந்த விரல்கள் நிற்கும் விதம் அவளுக்குத் தெரியும்.

செண்பகவல்லி ஒரு பழத்தை வெளியே எடுத்து உள்ளங்கையில் வைத்து, எடை பார்ப்பதுபோல் மெதுவாக ஏற்றி இறக்கினாள்.

"அருமையான பழமாப் பாத்து வேங்கியிருக்கிய மயினி" என்றாள். "நல்ல கனம்."